வின்ச் மாமா கொடுத்தும் கொடுக்காத கிரேன்

உலகத்தில் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் பரிசைக் கொடுத்த கையோடு திரும்பப் பிடுங்கிக்கொண்டு, "இத வச்சு எப்படி வெளாடணும்னு ஒனக்குத் தெரியாதுளா. நான் வெளாடுதேன், நீ ஓரமா நின்னு பாரு" என்று சொன்ன ஒரே மனிதர் தூத்துக்குடியில் எங்கள் சந்தில்தான் இருந்தார். அவர்தான் வின்ச் மாமா.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வந்த பொம்மையைப் பிரித்ததிலிருந்து நான்தான் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் புகார் கொடுத்திருக்கிறாள். "அம்மா ரொம்பப் பண்றாங்க" என்பது புகாரின் சாரம். பாவம், ரொம்பப் பண்ணுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவள் வின்ச் மாமாவைப் பார்த்ததில்லை.

மாமாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே பக்கத்து வீட்டைக் கைகாட்டி விடுவார். துறைமுகத்தில் அவருக்கு வின்ச் ஓட்டுகிற வேலை. கப்பலின் மேல்தளத்தில் கம்பிக் கயிற்றைச் சுருட்டிச் சரக்கைத் தூக்கி இறக்கும் இயந்திரம்தான் வின்ச். அங்கே தூக்கு என்றால் 'ஆவிஸ்', இறக்கு என்றால் 'ஆரியா'. எந்தத் தேசத்துக் கப்பல்காரன் எந்தக் காலத்தில் விட்டுப் போன வார்த்தைகளோ, தெரியாது. மாமாவுக்கு வீட்டிலும் வெளியிலும் அதே பாஷைதான்.

சவரக் கடையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மீசகிட்ட வரும்போது மட்டும் மெதுவா ஆரியா" என்பார். அவர் மனைவி பிலோமி அத்தை கொஞ்சம் தாட்டியான உடம்பு. அத்தை பிளாஸ்டிக் சேரில் உட்காரப் போகும்போதெல்லாம் மாமா பதறி எழுந்து, கையை நீட்டி, "மெதுவா... மெதுவா... ஆரியா... ஆரியா... நிப்பாட்டு!" என்று குரல் கொடுப்பார். அத்தை கையில் அப்போது என்ன இருக்கிறதோ அது மாமாவை நோக்கிப் பறந்து வரும். பெரும்பாலும் கரண்டி. ஒருமுறை பாதி உரித்த பலாச்சுளை.

துஷ்டி வீடுகளில்தான் மாமாவுக்கு உண்மையான மரியாதை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அழுதுகொண்டிருக்கிற ஆளுகளை விலக்கிவிட்டு முன்னால் வந்து நிற்பார். "தலமாடு கொஞ்சம் ஆவிஸ்! கால்மாடு ஆரியா! ஏல, கயித்த விடாத, சொந்தக்காரன் மாதிரி புடி!" பெட்டி ஒரு இம்மி சாயாமல் தரையில் போய் உட்காரும். எங்கள் சந்தில் வயசானவர்கள் கடைசி ஆசை என்று கேட்டால், "நான் போனா வின்ச்சுக்குச் சொல்லி விட்டுருங்க" என்பார்கள்.

மாமாவுக்கு ஒரே மகன். அவன் பிறக்கும்போதே பெரிய மனுஷனாகப் பிறந்தவன். சின்ன வயசில் பொம்மை வாங்கிக் கொடுத்தால், "எதுக்குப்பா வீண் செலவு?" என்று கேட்பானாம். படித்து முடித்ததும் வங்கி வேலைக்குப் போய்விட்டான். ஆகவே மாமாவின் பரிசெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையான என் தலையில் விடிந்தது.

பரிசு என்றால் சாதாரணப் பரிசு இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஸ்கிப்பிங் ஆட ஒரு கயிறு கொண்டு வந்தார். அது கப்பலைக் கரையில் கட்டுகிற கயிறு. என் தொடை பருமன். சந்திலுள்ள எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பிடித்தும் அதைச் சுற்ற முடியவில்லை. கடைசியில் கொடியில் காயப்போட்ட மாதிரி சுவர்மேல் கிடந்தது. அடுத்த வருஷம் ஒரு பெரிய சிவப்புத் துணி. நல்ல துணியாக இருக்கிறதே என்று அப்பா அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். எங்கள் உறவில் ஒரு கப்பல்காரர் வந்திருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது கப்பல் கொடி. 'இங்கே ஆபத்தான சரக்கு இருக்கிறது, கிட்டே வராதே' என்று அர்த்தமாம். தூங்குகிற அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "சரியாத்தான் போட்டிருக்கு."

அதற்கு அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் கிரேன் வந்தது.

உப்பு ஏற்ற வந்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரரிடமிருந்து மாமா அதை வாங்கியிருந்தார். பதிலுக்கு ஒரு டின் நிறைய முந்திரி மக்ரூன் கொடுத்தாராம். இருவரும் என்ன பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்பது தேவ ரகசியம். மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஸ்டாப்', 'ஸ்லோ', 'டேஞ்சர்' மட்டும்தான். அதை வைத்து ஒரு வியாபாரம் முடித்திருக்கிறார் என்றால் அந்தச் சமையல்காரர் ரொம்ப நல்லவராக இருந்திருக்க வேண்டும். அல்லது மக்ரூன் அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும்.

காலைப் பூசை முடிந்து வந்து, புதுச் சட்டையில் கலகலாவைக் கொறித்துக்கொண்டிருந்தேன். மாமா பெட்டியோடு உள்ளே வந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்கு வாயில் இருந்ததை விழுங்க மறந்துவிட்டது. மாம்பழ மஞ்சளில் ஒரு கிரேன். ஆறு கறுப்புச் சக்கரம். ஏணி மாதிரி ஒரு நீளக் கை. கை நுனியில் நூல் போன்ற கம்பிக் கயிறு, அதில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொக்கி. வயர் கோத்த ஒரு சின்னப் பெட்டியில் விசைகள். ஒன்றைத் தட்டினால் கை உயரும், இன்னொன்றைத் தட்டினால் கொக்கி இறங்கும், மற்றொன்றைத் தட்டினால் கிரேன் இடுப்பை வளைத்துத் திரும்பும். அதன் வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புது ரப்பரும் கப்பல் சமையலறை மசாலாவும் கலந்த வாசனை.

அம்மா மட்டும் முகம் சுளித்தாள். "பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி கிரேனு?"

"ஏன், பொட்டப் பிள்ள வெயிட்டு தூக்காதோ? நீ தண்ணிக் கொடத்தக் கைலயா தூக்குத, கிரேன்லயா தூக்குத?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பாய்ந்துபோய்க் கிரேனைத் தொட்டேன்.

"தொடாத!" என்று மாமா போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து போய்விட்டது. "டெஸ்ட் பண்ணாம மிஷின தொடப்படாதுளா. பெட்டில என்ன எழுதியிருக்கு பாத்தியா?"

பெட்டியில் எழுதியிருந்த பாஷை எங்கள் யாருக்கும் தெரியாது. கோழி கிளறின மாதிரி இருந்தது. மாமா அதன்மேல் விரலை ஓட்டி நிதானமாக வாசித்தார்: "கை நடுக்கம் இல்லாத, அனுபவமுள்ள ஆளு மட்டும்... ஓட்டணும்... அப்படின்னு போட்டிருக்கு."

அன்று பகல் முழுவதும் டெஸ்ட் நடந்தது. முதலில் ஒரு அச்சு முறுக்கைத் தூக்கினார். அப்புறம் என் செருப்பு. அப்புறம் அப்பாவின் மூக்குப்பொடி டப்பா. அப்புறம் ஒரு துண்டுக் கேக்கைக் கொக்கியில் மாட்டி என் வாய்க்கு நேராக இறக்கினார். கேக் என் மூக்கில் மோதி, கன்னத்தில் உரசி, கடைசியில் வாய்க்குள் போனது. "பாத்தியா, டேமேஜ் இல்லாம டெலிவரி!" என்றார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சாயங்காலம் கிரேனைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, "புது மிஷினுல்லா, ராத்திரி தனியா விடப்படாது" என்று சொல்லி மாமா அதைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போனது திரும்பவில்லை.

மறுநாள் கேட்டேன். "ஆயில் போட்டிருக்கேன், காயணும்" என்றார். அதற்கடுத்த நாள் கேட்டேன். "பேட்டரி களச்சுப் போய் இருக்கு" என்றார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'உய்ங்ங்' என்று மோட்டார் சத்தம் கேட்டபடியே இருந்தது. பிலோமி அத்தை சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி அம்மாவிடம் புலம்பினார்.

"மதினி, காப்பி போட்டு வச்சா கையால எடுக்க மாட்டேங்காவ. கிரேன்லதான் எடுப்பாவளாம். டம்ளரு அவுக வாய்க்கு வாரதுக்குள்ள காப்பி ஆறிருது. சூடு பண்ணிக் குடுக்கச் சொல்லுதாவ. சூடு பண்ணிக் குடுத்தா மறுபடியும் கிரேன்ல மாட்டுதாவ. நேத்து பொரிச்ச சீலாவச் சட்டியிலேர்ந்து தூக்குதேன்னு உக்காந்தாவ. மீனு அந்தரத்துல தொங்குது. கீழ பூன வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. பூனகிட்ட சொல்லுதாவ, 'லோடுக்குக் கீழ யாரும் நிக்கப்படாது'ன்னு!"

"பூன கேட்டுச்சா?"

"மீன வாங்கிக்கிட்டுப் போயிட்டு."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துறைமுக வாசலில் வேலைநிறுத்தம் எப்படி நடக்கும் என்று அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து போகும்போது பார்த்திருக்கிறேன். கொடி வேண்டும், கோஷம் வேண்டும், தரையில் உட்கார வேண்டும். கொடிக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் போர்வை இருந்தது. அதை ஒட்டடைக் கம்பில் கட்டி, சந்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், மாமா வீட்டு வாசலை மறித்து உட்கார்ந்தோம்.

"கிரேனைக் கொடு! இல்லேன்னா பேட்டரியக் கொடு!"

"வின்ச் மாமா ஒழிக!"

மாமா வேலை முடிந்து தூக்குச்சட்டியோடு வந்தார். சந்து முனையிலிருந்தே சிவப்புக் கொடியைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. வாழ்க்கையில் எந்த வேலைநிறுத்தத்தையும் மீறி உள்ளே போகாதவர் அவர். பக்கத்தில் வந்து பயபக்தியோடு கேட்டார்.

"ஏளா லூர்து, என்ன ஸ்ட்ரைக்கு?"

"கிரேன் ஸ்ட்ரைக்கு."

"யார எதுத்து?"

"ஒங்களத்தான் மாமா."

மாமா கொடியைப் பார்த்தார். தன் வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சந்தே அதிருகிற மாதிரி ஒரு குரல் விட்டார்.

"வின்ச் மாமா ஒழிக!"

எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எங்கள் கோஷத்தில் தாளம் சரியில்லை என்று திருத்தினார். "அடாவடி பண்ணும் வின்ச் மாமாவே, பச்சப் பிள்ள பொம்மையப் பறிக்காதே!" என்று அவரே ஒரு புதுக் கோஷம் கட்டிக் கொடுத்தார். அதைச் சொல்லும்போது உண்மையிலேயே அவருக்குக் கோபம் வந்து கழுத்து நரம்பு புடைத்தது.

பிலோமி அத்தை வெளியே வந்தார். "ஏங்க, சோறு ஆறுது, உள்ள வாங்க."

"எப்படி வர? ஸ்ட்ரைக்குல்லா நடக்கு!"

"ஒங்கள எதுத்துத்தான நடக்கு?"

"அதுக்காக? நாயம் அவங்க பக்கம் இருக்குலா!"

அந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து வந்தார். தன் போர்வை கொடியாகப் பறப்பதைப் பார்த்து முதலில் திகைத்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் மாமா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நாள் பூரா அங்கன வின்ச்சுதான் ஓட்டுதிய. வீட்டுக்கு வந்தும் அதேதானா? சலிக்கலையா ஒங்களுக்கு?"

மாமா தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோஷம் போட்ட குரல் இல்லை இது.

"வே, அங்கன நான் எதப் பாக்கேன்? சரக்கு எறங்குத குழி ஒரு பக்கம், என் வின்ச்சு ஒரு பக்கம். குழிக்குள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. ஓரத்துல ஒருத்தன் நிப்பான், அவன் கையத்தான் பாப்பேன். அவன் கைய ஒசத்துனா ஒசத்துவேன், தாழ்த்துனா தாழ்த்துவேன். இத்தன வருசத்துல எவ்வளவோ எறக்கியாச்சு. அது எங்கன போயி, எப்படி உக்காருதுன்னு ஒரு நாளு பாத்ததில்ல. இதுலதான் கண்ணு முன்னால போயி உக்காருது. அத ஒருக்கா பாத்தா இன்னொருக்கா பாக்கணும்னு இருக்கு. நான் என்ன செய்ய?"

பிள்ளைகள்கூடக் கோஷத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் மாமாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோரிக்கை கோரிக்கைதான்.

"அப்பம் நான் எப்ப மாமா பாக்க?" என்றேன்.

"நாயமான கேள்வி" என்றார் மாமா.

பிலோமி அத்தை தலைமையில் பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் ஆயிற்று. பகல் ஷிப்ட் எனக்கு. மாமா வேலை முடிந்து வந்த பிறகு மாலை ஷிப்ட் அவருக்கு. மீன், காப்பி, அத்தையின் தலைமுடி ஆகியவற்றைக் கிரேனில் மாட்டக் கூடாது. முடியைப் பற்றி அதுவரை எங்களுக்குத் தெரியாது. அத்தை அதை விளக்க மறுத்துவிட்டார்.

அன்று முதல் பகலெல்லாம் நான் கிரேன் ஓட்டினேன். தீப்பெட்டி அடுக்கினேன். புளியங்கொட்டை மூட்டை இறக்கினேன். அந்தக் கொக்கி ஆடி ஆடி, ஆட்டம் அடங்கி, வைக்க வேண்டிய இடத்தில் மெதுவாக வைக்கும்போது வயிற்றுக்குள் ஒன்று இதமாக இறங்கும். மாமா சொன்னது சரிதான். ஒருதரம் பார்த்தால் இன்னொருதரம் பார்க்கத் தோன்றும்.

இதற்கிடையில் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முன்னால் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி அறிவித்தார்கள். சந்துக்கு ஒரு குடில். அடுத்த சந்துக்காரர்கள் நிஜ ஆட்டுக்குட்டி ஒன்றைக் கட்டி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் சந்து கலங்கிப் போயிற்று. மாமா மட்டும் கலங்கவில்லை.

"மூணு ராசாவும் எதுல வந்தாவ?" என்று கேட்டார்.

"ஒட்டகத்துல."

"கடலு குறுக்க இருந்தா ஒட்டகம் நீந்துமோ? கப்பல்லதான் ஏத்திருப்பாவ. கப்பல்ல ஏத்துனா எறக்கணும்லா? எதுல எறக்குவாவ?"

பெத்லகேமில் கடல் கிடையாது என்று அப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அது அவங்க கொறபாடு" என்று மாமா முடித்துவிட்டார். அப்படியாக எங்கள் சந்துக் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு துறைமுகம் எழும்பியது. இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றிக் கடல். கடலில் தகரக் கப்பல். கப்பலில் பிலோமி அத்தையின் குடில் பொம்மைகளில் ஒன்றான, கழுத்து ஒட்டவைத்த ஒட்டகம். கரையில் என் கிரேன்.

பங்குச் சாமியார் பார்வையிட வந்தது மாலையில். அதாவது மாமாவின் ஷிப்ட். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விசைப்பெட்டியோடு மாமா உட்கார்ந்தார். என்னை எதிரில் நிறுத்தினார். நான் கை காட்ட வேண்டும், அவர் ஓட்ட வேண்டும். சாமியாரோடு ஒரு சிஸ்டரும், பின்னாலேயே பங்கு மக்கள் பாதிப் பேரும் வந்தார்கள். அடுத்த சந்துக்காரர்கள் ஆட்டுக்குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஆவிஸ்!" என்று கையை உயர்த்தினேன்.

'உய்ங்ங்.' ஒட்டகம் கப்பலிலிருந்து எழுந்தது. கூட்டம் "ஆ" என்றது. சாமியாருக்குத் தாங்க முடியாத ஆர்வம். "அட, எப்படிப்பா இது?" என்று குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டு வந்தார். ஒட்டகத்தின் பின்னங்கால் அவர் கண்ணாடிக் கம்பிக்குள் நுழைந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒட்டகம் மேலே போனது. கண்ணாடியும் கூடவே போனது. நடுவழியில் ஒரு சுற்றுச் சுற்றியதில் கண்ணாடி சறுக்கி ஒட்டகத்தின் ஒட்டவைத்த கழுத்தில் போய் மாட்டிக்கொண்டது. எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் நேராக, கண்ணாடி அணிந்த ஒட்டகம் ஒன்று அந்தரத்தில் தொங்கியபடி கூட்டத்தைப் பார்த்தது.

"கண்ணாடி... என் கண்ணாடி எங்க?" என்று சாமியார் காற்றைத் துழாவினார்.

"சாமி! லோடுக்குக் கீழ நிக்காதீங்க! பின்னால போங்க!" என்று மாமா அலறினார்.

சாமியார் கீழ்ப்படிந்தார். பின்னால் போனார். அங்கே கடல் இருந்தது. இட்லிக் கொப்பரைக்குள் ஒரு கால் முழுதாக இறங்கி, தகரக் கப்பல் மூழ்கியது. ஆட்டுக்குட்டி மிரண்டு எங்கள் குடிலுக்குள் பாய்ந்து, குழந்தை யேசு படுத்திருந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

நான் கை காட்டினேன். மாமா அசையவில்லை. "ஆரியா மாமா, ஆரியா!" என்றேன். அப்போதும் அசையவில்லை. அவர் முகம் வேர்த்து வழிந்தது. விசையின் மேலிருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

"முடியலளா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "சாமி கண்ணாடி. கீழ விழுந்தா ஒடஞ்சுரும். அங்கன கப்பல்ல விழுந்தா எனக்குத் தெரியாது. இங்கன எல்லாம் கண்ணுக்கு முன்னால தெரியுது. கை ஆடுது. நீ ஓட்டு."

விசைப்பெட்டியை என் கையில் திணித்துவிட்டு எழுந்தார். நான் நின்ற இடத்துக்கு அவர் போய் நின்றார். கையை உயர்த்தியதும் அவர் நடுக்கம் நின்றுவிட்டது, எனக்கு ஆரம்பித்துவிட்டது.

"என்னப் பாருளா. வேற எதையும் பாக்காத. கொஞ்சம் ஆவிஸ்... போதும். கைய இந்தப் பக்கம் திருப்பு... இன்னும்... இன்னும்... நிப்பாட்டு. ஆட்டம் அடங்கட்டும். சாமி, ரெண்டு கையையும் ஏந்துங்க, கோயில்ல நன்ம வாங்குத மாதிரி. ம்... இப்பம் ஆரியா... மெதுவா... பொட்டு பொட்டா ஆரியா..."

நான் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை. மாமாவின் கையை மட்டுமே பார்த்தேன். அந்தக் கை மெல்ல மெல்லத் தாழ்ந்து, ஒரு இடத்தில் நின்று, விரல்கள் மடங்கின. அதற்குப் பிறகுதான் கூட்டத்தின் கைதட்டல் கேட்டது. திரும்பினால் சாமியாரின் உள்ளங்கையில் ஒட்டகம் நின்றுகொண்டிருந்தது, கண்ணாடியோடு.

முதல் பரிசு ஆட்டுக்குட்டிக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. "ஒங்களுக்குத்தான் முதல் பரிசு குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் சாமியார், அங்கியைப் பிழிந்தபடி. "ஆனா கால் நனைஞ்சு போச்சு."

மறுநாள் காலை கிரேன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "ஆபரேட்டர் வீட்டுலதான் மிஷினு இருக்கணும்" என்று சொல்லி மாமா அதை என் கையிலேயே வைத்தார். அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, எங்கள் வாசலில் நின்று, "ஏளா, இன்னிக்கு வேல இருக்கா?" என்று கேட்பார். நான் பெரிய அதிகாரி போல முகத்தை வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க மாமா" என்பேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் கிரேன் நின்றுவிட்டது. உப்புக் காற்று உள்ளே புகுந்து, மோட்டார் துருப்பிடித்து, 'உய்ங்' என்று பாதி சொல்லிவிட்டு ஓய்ந்தது. மாமா மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார், வெயிலில் வைத்துப் பார்த்தார், துறைமுகத்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தும் காட்டினார். அவர், "அண்ணாச்சி, நான் நெசக் கிரேனுதான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அதன்பிறகு மாமா சாயங்காலங்களில் எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை. வந்து என்ன செய்ய?

அடுத்த கிறிஸ்துமஸ் காலையில் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே கடையில் வாங்கிய பொம்மை. பொன் நிற முடி, ரோஸ் கவுன், படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். "பொட்டப் பிள்ளைக்கு ஏத்த சாமான்" என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாமா அதை என் கையில் கொடுத்தார். பிடுங்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. "வெளாடு" என்று என் தலையைத் தடவிவிட்டு, ஒரு கேக்கைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பொம்மையைப் படுக்க வைத்தேன். கண் மூடியது. நிமிர்த்தினேன். திறந்தது. மறுபடி படுக்க வைத்தேன். அதற்குள் எனக்குச் சலித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா சேரில் உட்கார்ந்து சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது கண்ணு எப்படி மூடுது?"

"உள்ள ஏதாவது வெயிட்டு கட்டித் தொங்க விட்டிருப்பான்" என்றார் சுரத்தில்லாமல். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பொம்மையைப் பார்த்தார். "சாஞ்சா வெயிட்டு எறங்கும்... நிமிந்தா ஏறும்..." சேரிலிருந்து முன்னால் நகர்ந்தார். "ஏளா, ஒங்கம்மா அடிப்பாளோ?"

"அடிப்பா மாமா."

"சரி, கதவச் சாத்து. ஸ்க்ரூ டிரைவர் எடு."

அந்தப் பொம்மையின் தலை அப்புறம் கழுத்தோடு சேரவே இல்லை. அம்மா என்னை அடித்தாள் என்பதும் உண்மைதான். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து, பொம்மையின் மண்டைக்குள் ஒரு ஈயக் குண்டு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பிலோமி அத்தை கறிச்சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்து எடுத்து வந்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். எனக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய்.